கொல்கத்தாவிலிருந்து இலண்டன்: தொலைவும் பயண நேரமும்

இலண்டனில் பயிலும் அல்லது பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. அந்நியச் செலாவணி பெற வங்கிக்கு வருவோர் பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "மொத்தம் எத்தனை மணி நேரம்?" என்று வினவுவதைக் காண்கிறோம். வினா நியாயமானதே. சீட்டிலுள்ள இரு நேரங்களைக் கழித்தால் விடை கிட்டாது.

முதலில் தொலைவு. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையத்திற்கும் ஹீத்ரோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழி ஏறத்தாழ 7,980 கிலோமீட்டர். சுவர் நிலப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தால் இவ்வழி அமையாது. புவிக்கோளத்தின்மீது இரு நகரங்களுக்கும் இடையே நூலொன்றை இறுகப் பிடித்தால், அக்கோட்டிற்கு வடக்கே வளைந்து செல்லும் வழி தெரியும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இது 9 மணி நேரத்திற்கும் குறைவே. ஆனால் ஏறுதல், இறங்குதல், தவிர்க்க வேண்டிய வான்வெளிகள் ஆகியவை நேரத்தைக் கூட்டும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றும் போகும்போது எதிர்த்து நின்று, திரும்பும்போது துணைபுரியும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நேரடிச் சேவையை 2009இல் நிறுத்தியபின், கொல்கத்தாப் பயணிகள் பெரும்பாலும் இடையில் விமானம் மாறியே இலண்டன் சென்றுள்ளனர். துபாய் வழியைக் கணக்கிடுவோம். அங்குவரை சுமார் 3,370, அங்கிருந்து சுமார் 5,500, ஆக 8,870 கிலோமீட்டர். கூடுதல் தொலைவு ஒரு மணி நேரப் பறத்தலே. எஞ்சிய தாமதம் முழுவதும் காத்திருப்பு. ஆகவே சீட்டு வாங்குமுன் கிலோமீட்டரை அன்று, காத்திருக்கும் நேரத்தையே ஒப்பிட வேண்டும்.

சீட்டில் அச்சாவது அந்தந்த ஊரின் நேரம். காலை 9 மணிக்குப் புறப்பட்டு அன்று மாலை 7 மணிக்கு இலண்டன் சேர்வதாக இருப்பின், பயணம் 10 மணி நேரமன்று. இலண்டன் கடிகாரம் நமக்குப் பின்தங்கியது: குளிர்காலத்தில் 5½ மணி, கோடையில் 4½ மணி. எனவே உண்மைப் பயணம் குளிர்காலத்தில் 15½ மணி, கோடையில் 14½ மணி. திரும்பும்போது கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். (கொல்கத்தாவே 1948 வரை இந்திய நேரத்திற்குச் சுமார் 24 நிமிடம் முந்திய தனி நேரம் கடைப்பிடித்த நகரம்!)

பணம் இழக்க நேரும் இடம் வேறொன்று. சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று இரு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்குவோர் உளர். ஒரே சீட்டாயின், முதல் விமானத் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனிச் சீட்டாயின் அப்பொறுப்பு பொதுவாக இல்லை. அன்றைய விலையில் புதுச் சீட்டு வாங்க நேரிடும். பெட்டிகளை இடைநிலையத்தில் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால், அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். மூத்த பெற்றோர் தனியே செல்வதாயின், ஒரே சீட்டையே நாம் பரிந்துரைப்போம். பயணக் காப்பீடு எடுப்போர், இணைப்பு விமானம் தவறுதலை அது ஏற்கிறதா, எத்தனை மணித் தாமதத்திற்குமேல் இழப்பீடு தருகிறது என்பவற்றைப் பணம் செலுத்துமுன் படித்தறிதல் வேண்டும்.