ஷாட்கன் பழகும் சிறுவருக்கு முதல் பாடங்கள்

பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன் துப்பாக்கியால் சுடும் டிராப், ஸ்கீட் விளையாட்டுகளில் பாதுகாப்புப் பழக்கமே முதல் பாடம்.

• சட்டம்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, விதிகளுக்கு உட்பட்ட பயிற்சியில் மட்டுமே பயன்படுத்தலாம்.

• பாதுகாப்பு: எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதாகவே கருதப்பட வேண்டும். குழல்முனை எப்போதும் ஆளில்லாத திசையை நோக்க வேண்டும். சுடும் கணம் வரை விசையில் விரல் படக் கூடாது. சுடுபவர், உடன் நிற்பவர் அனைவருக்கும் காதுக் கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

• துப்பாக்கி: தோளில் பதியும் கட்டை சிறுவரின் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். மிக இலகுவான துப்பாக்கி அதிகம் உதைக்கும். 21 அல்லது 24 கிராம் ஈயக் குண்டுள்ள தோட்டா தொடக்கத்துக்கு ஏற்றது.

• கண்: இரு கண்களையும் திறந்து, தொலைவில் உள்ள பொருளை விரலால் சுட்டி, ஒரு கண்ணை மூட வேண்டும். விரல் பொருளைவிட்டு விலகாவிட்டால் திறந்திருப்பதே ஆதிக்கக் கண். அந்தப் பக்கத் தோளில் ஏந்துவது எளிது.

• நிலை: முன்காலில் சற்றே எடை சாய, கட்டை தோள்குழியில் அழுந்த, கன்னம் கட்டையில் படிய வேண்டும். இதை முதலில் தோட்டா இல்லாமல் பழக்க வேண்டும்.

• முதல் சுடுதல்: நேராக விலகிச் செல்லும் தட்டு, ஒற்றைத் தோட்டா. பார்வை குழலில் அல்ல, தட்டில் இருக்க வேண்டும். சுட்ட பிறகும் குழலின் ஓட்டம் நிற்கக் கூடாது. தோள் வலிக்கும் முன்பே பயிற்சியை முடிப்பது நல்லது. வலி பழகினால் விசையை அழுத்தும்போதே உடல் சுருங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.