கரையிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

நானும் கணவரும் குடியிருப்பது 36 அடிப் பாய்மரப் படகில். லங்காவி, புக்கெட், மறுபடி லங்காவி என்று மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில்தான் பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருப்போம். "காத்துல போற வண்டிக்கு என்ன செலவு?" என்று ஊரில் கேட்பார்கள். காற்றுக்குச் செலவில்லை, உப்புக்குத்தான் செலவு. பம்ப், வயர், வால்வு, கழிப்பறை என்று எது எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது.

படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, என்னென்ன ஸ்பேர் வாங்கிவைக்க வேண்டும் என்பதைத்தான். ஸ்பேர் வேண்டும், சரி. பெட்டி நிறைய ஸ்பேர் இருந்தும் மாட்டத் தெரியாமல், இன்னொரு படகின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். அலையில்லாத துறைமுகத்தில் ஒருமுறையாவது கழற்றி மாட்டிப் பார்க்காத சாமானை நடுக்கடலில் கழற்றுவது வேண்டாத வேலை.

கடல்நீர் பம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இம்பெல்லர் என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கிறது. கடல் தண்ணீரை இழுத்து எஞ்சின் சூட்டைத் தணிக்க அனுப்புவது அதுதான். உறிஞ்சும் துளையில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டினால் போதும், இந்தக் கடலில் அதற்கா பஞ்சம்? தண்ணீரில்லாமல் சுழன்று, சூடேறி, ரப்பர் இதழ்கள் பிய்ந்துபோகும். எஞ்சின் புகையோடு வெளியே விழுகிற தண்ணீரின் சத்தம் வறண்டு கேட்டால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அலாரம் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் படகில் இந்த பம்ப் கண்ணால் பார்க்க முடியாத மூலையில் இருக்கிறது. என் கை சின்னது, அதனால் அது என் வேலை. முதலில் கடல்நீர் வால்வை மூடுவேன். மூடிய கையோடு எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டுவிடுவேன். சாவியை எடுக்க வருகிறவர் வால்வைத் திறக்காமல் போக முடியாது. பம்ப்புக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரிப்பது அடுத்த வேலை. மூடியின் குட்டி ஸ்க்ரூ ஒன்று கைதவறி அடிக்குழியின் எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தால், தேடி எடுக்கிற நேரத்தில் இன்னொரு ரிப்பேரே முடித்துவிடலாம்.

பழைய இம்பெல்லரை வெளியே எடுத்ததும் இதழ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு உள்ளே எங்கோதான் இருக்கிறது. பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்திருக்கும். அதை எடுக்காமல் புதிதை மாட்டினால் சூடு மறுபடி ஏறும், காரணம் புரியாமல் முழிப்போம். புதிய ரப்பருக்கு கிரீஸ் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கிளிசரின் தடவுங்கள், இல்லையென்றால் பாத்திரம் கழுவும் சோப்பு. எல்லாம் முடிந்து எஞ்சினைப் போட்டதும் நான் கீழேயிருந்து "என்னங்க, தண்ணி வருதா?" என்று கத்துவேன். "வருது வருது" என்று மேலேயிருந்து பதில் வந்தபிறகுதான் கை கழுவுவது.

டீசலுக்கும் இதே கதை. டேங்க் அடியில் தூங்கிக்கொண்டிருக்கிற கசடு, படகு ஆடும்போதுதான் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் கட்டாயம் வேண்டிய நேரத்தில். ஃபில்டர் மாற்றினால் லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். ஏர் எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு தெளிந்த டீசல் வரும். தெளிந்ததும் இறுக்க வேண்டும். உங்கள் எஞ்சினில் அந்த ஸ்க்ரூ எங்கே, எந்த ஸ்பேனர் சேரும் என்பதை இருட்டிலும் கை அறிந்திருக்க வேண்டும். கலங்கிய டேங்க் இரண்டாவது ஃபில்டரையும் சீக்கிரமே அடைக்கும் என்பதால் ஒரே ஒரு ஸ்பேர் ஃபில்டரை நம்பாதீர்கள்.

வயரிங்கில் எதிரி களிம்பு. சாதாரணச் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூத்துப்போகும். வெள்ளீயம் பூசிய கம்பி விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குங்கள். இணைப்புகளைச் சால்டர் செய்வதைவிட லக் வைத்து கிரிம்ப் செய்வதே எனக்குப் பிடிக்கும். சால்டர் ஏறிய கம்பி விறைத்துவிடும், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் தீப்பற்றும். மோதிரம், வளையலைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் நான் பேட்டரிப் பெட்டியையே திறப்பேன்.

ஹார்டுவேர் கடையில் "காந்தம் ஒட்டாது, நல்ல எவர்சில்வர்" என்று போல்ட்டை நீட்டுவார்கள். 304, 316 இரண்டு ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் 304 உப்புக் காற்றில் சீக்கிரம் பழுப்பேறும், 316 அதிக நாள் தாங்கும். போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 குடும்பம்.

கழிப்பறையைப் பற்றி விரிவாக எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். அவ்வப்போது வினிகர் ஊற்றுங்கள், குழாய்க்குள் சுண்ணாம்பு படிவது குறையும்.

படகுக்காரர்கள் கூடினால் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பேச்சு வராமல் இருக்காது. பம்பாயில் கட்டிய 'சுஹைலி' என்ற தேக்குப் படகில் 1968-69இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் ஆள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் எஞ்சினில் தீப்பொறி இடைவெளியைச் சரிசெய்ய அளவுத்தகடு இல்லாதபோது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தாள் என்று புத்தகத்தை எண்ணி, தாள்களையே அளவாக வைத்துக்கொண்டார். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு உறைப்பது வேறு. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

நாங்கள் கை வைக்காத வேலைகளும் உண்டு. பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்போம். ஓர் இழை அறுந்து குத்தினாலும், வடவேலை தெரிந்த ரிக்கரைக் கூப்பிடுவோம். சமையல் கேஸ் லைனும் அப்படித்தான். அந்த வாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம், படகில் அது அடிக்குழியில் இறங்கித் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதோடும் சிலிண்டர் வால்வை மூடுவதோடும் எங்கள் வேலை முடிந்தது. மீதியை அதற்கென்று இருக்கிற ஆள் வந்து பார்க்கட்டும், அதுவரை பிஸ்கட்.