விருந்து நாட்களில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி

பொங்கல், தீபாவளி, கோயில் கொடை, திருமணம், காதணி விழா ஆகிய நாட்களில் வெளியூர்களில் வாழும் உற்றார் உறவினர் கிராமத்து வீடுகளில் வந்து தங்குவது நமது வழக்கம். அவர்களுக்கு வேண்டிய அரிசி, காய்கறி, பாய், தலையணை ஆகியவற்றை ஒரு வாரம் முன்னதாகவே சேகரித்து வைக்கிறோம். ஆனால், வீட்டின் பின்புறம் மண்ணுக்கடியில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி யாரும் எண்ணுவதில்லை. விழாவின் இரண்டாம் நாள் கழிப்பறையில் நீர் இறங்காமல் எதிர்த்து நிற்கும்போதுதான் அதன் நினைவு வருகிறது. அந்தப் பதற்றத்தில் யாரேனும் ஒரு தொழிலாளியை அழைத்துத் தொட்டிக்குள் இறக்கிவிடும் கொடுமையும் நேர்ந்துவிடுகிறது.

2014 அக்டோபர் 2-இல் தூய்மை பாரத இயக்கம் தொடங்கப்பட்ட பின்னர் நமது ஊர்களில் கழிப்பறைகள் பெருகியுள்ளன. கட்டியதைக் காக்கும் முறையையும் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. அம்முறை கடினமானதன்று.

தொட்டி வேலை செய்யும் விதம்

மக்கள் ‘செப்டிக் டாங்க்’ என்று வழங்கும் இத்தொட்டியில் சுழலும் பொறி எதுவும் இல்லை. அதற்கு வேண்டியவை இரண்டே: அமைதியும் நேரமும். கழிப்பறையிலிருந்து வரும் நீர் தொட்டியில் அசைவின்றித் தங்கும்போது, கனமான பொருள்கள் கசடாக அடியில் படிகின்றன. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் சிதைத்து அதன் அளவைக் குறைக்கின்றன. எனினும், கசடு முழுவதும் மறைவதில்லை. ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும்.

நீர் குறைந்தது ஒரு நாளேனும் தொட்டியில் தங்கவேண்டும். அதற்குள் புதுநீர் வந்து தள்ளினால், படியாத மலப்பொருள் உறிஞ்சு குழிக்குப் போய்விடும். அது மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட்டால், பின்னர் தொட்டியைக் காலி செய்தாலும் குழி நீரை உறிஞ்சாது. புதிய குழி தோண்டவேண்டிவரும். மூன்று நாள் விருந்தால் விளையும் உண்மையான நட்டம் இதுவே.

ஒரு சிறு கணக்கு

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீராழமும் உள்ள தொட்டியை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிமுறை கூறுகிறது. இது ஏறத்தாழ ஐந்தடிக்கு இரண்டரையடி. இதன் கொள்ளளவு 1,125 லிட்டர். ஒருவர் கழிப்பறையில் நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஐவருக்கு 200 லிட்டர். காலியான தொட்டியில் அந்நீர் ஐந்து நாளுக்கு மேல் தங்கும். பாதியளவு கசடு நிறைந்திருந்தாலும் இரண்டரை நாளுக்கு மேல் தங்கும். ஆகவே, சாதாரண நாட்களில் குறை வெளியே தெரிவதில்லை.

இப்போது இருபது விருந்தினர் வருகின்றனர். இருபத்தைந்து பேருக்கு 1,000 லிட்டர். பாதி கசடு உள்ள தொட்டியில் இந்நீர் பதின்மூன்று மணி நேரமே தங்கும். கசடை முன்பே அகற்றியிருந்தால் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகத் தங்கும். ஆனால், ஆளுக்கு 50 லிட்டர் வீதம் குளியல் நீரும் அதே தொட்டிக்குள் விடப்பட்டால், காலித் தொட்டியிலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்காது. இதிலிருந்து இரு கடமைகள் விளங்கும். விழாவுக்கு முன் கசடை அகற்றவேண்டும். விழாவின்போது கழிப்பறை நீர் தவிர வேறு நீர் தொட்டியை அணுகாமல் காக்கவேண்டும்.

விழாவுக்கு முன்

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்தல் முறை. கடைசியாகக் காலி செய்த நாளைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. ஐயமிருப்பின், விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகக் கசடின் அளவைப் பார்க்கலாம். நீண்ட கழியின் கீழ்ப்பகுதியில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி, தொட்டியின் அடிவரை மெதுவாக இறக்கிச் சற்று நேரம் கழித்து எடுத்தால், கசடு உள்ள உயரம் வரை துணியில் கறுப்புப் படிந்திருக்கும். அது நீராழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் காலி செய்தாகவேண்டும். மூடியைத் திறக்கும்போது இருவர் இருக்கவேண்டும்; குழந்தைகளை அருகில் விடலாகாது; உள்ளே குனிந்து பார்க்கலாகாது; பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது. தொட்டியில் உண்டாகும் மீத்தேன் வாயு தீப்பற்றக்கூடியது.

காலி செய்யும் பணியை, உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய உரிமம் பெற்ற ஊர்தியைக் கொண்டே செய்விக்கவேண்டும். காலி செய்தபின் தொட்டியைக் கழுவவேண்டுவதில்லை. அடியில் எஞ்சும் சிறிதளவு கசடில் உள்ள நுண்ணுயிர்களே மீண்டும் பெருகி வேலையைத் தொடங்கும்.

இரட்டைக் குழிக் கழிப்பறை உள்ளவர்கள், பயன்பாட்டிலுள்ள குழி நிரம்பும் நிலையில் இருந்தால் விழாவுக்கு முன்பே மற்றக் குழிக்கு நீரைத் திருப்பிவிடவேண்டும். மூடிய குழியை ஏறத்தாழ ஈராண்டு ஆறவிட்டால் அதிலுள்ளது எருவாகும். இரு குழிகளையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் இப்பயன் கெடும்.

விழா நாட்களில்

குளிக்க, வெந்நீர் வார்க்க, பாத்திரம் துலக்க, கைகழுவ ஆகும் நீரைத் தென்னை, வாழை, சேம்புப் பாத்திகளுக்குத் திருப்பிவிடுக. கொல்லையில் கீற்றுத் தட்டியால் தற்காலிகக் குளியல் மறைவு அமைத்தால் பாதிச் சுமை குறையும். துணி துவைப்பதை விருந்து முடியும்வரை ஒத்திவைக்கலாம். கழிப்பறையில் ஒழுகும் குழாயை முன்பே சரிசெய்க. இரவெல்லாம் சொட்டும் குழாய் ஒரு விருந்தினருக்குச் சமம். விருந்தினர் மிகுதியாயின், அண்டை வீட்டாருடன் பேசி அவர்களது கழிப்பறையையும், ஊராட்சியின் பொதுக் கழிப்பறை வளாகத்தையும் பகிர்ந்து பயன்படுத்தலாம்.

கழிப்பறையின் உட்புறம் மூடியுள்ள கூடை ஒன்று வைக்கவேண்டும். மாதவிடாய்த் துணி, குழந்தைகளின் கழிவுத்துணி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைப் பெண்கள் கூச்சமின்றி இட இது உதவும். சமைத்த எண்ணெய், சோற்றுக் கஞ்சி ஆகியவற்றைக் கழிப்பறையில் கொட்டலாகாது. அமிலம், பினாயில், பிளீச்சிங் தூள் ஆகியவற்றை மிகுதியாக ஊற்றினால் தொட்டியில் உழைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். ஈஸ்ட், வெல்லம், சாணம், கடைப்பொடி ஆகியவற்றாலும் பயனில்லை. வேண்டிய நுண்ணுயிர்கள் மலத்திலேயே உள்ளன.

தீபாவளி விருந்து வடகிழக்குப் பருவமழையோடு வருவதால் கூடுதல் கவனம் தேவை. அப்போது மண் ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கும். உறிஞ்சு குழி கோடையில் உறிஞ்சும் அளவு உறிஞ்சாது. கூரைத் தண்ணீர் குழிப்பக்கம் வழியாதபடி வாய்க்கால் வெட்டுக. குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ அறுபது அடி, இடைவெளி இல்லாத வீடுகளில் அந்நாட்களில் நீரைக் காய்ச்சியே பருகவேண்டும்.

ஆள் இறங்கலாகாது

எத்தனை முன்னேற்பாடு செய்தும் சில வேளை நீர் எதிர்த்து நிற்கலாம். ஒரு கழிப்பறையில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு குழாயில் இருக்கக்கூடும். மூங்கில் பிளாச்சு கொண்டு நீக்கலாம். தொட்டியே நிறைந்துவிட்டால், அக்கழிப்பறையை மூடிவைத்து ஊர்தியை வரவழைப்பதே வழி. காத்திருப்பது விருந்தினருக்குச் சங்கடந்தான். ஆனால், ஓர் உயிரை இறக்கிச் சங்கடம் தீர்ப்பது பெரும்பாவம்.

தொட்டியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அதன் செறிவு மிகும்போது மூக்கு மரத்துப்போவதால் நாற்றமே தெரியாது. நாற்றமில்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே மாள்வர். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது இவ்வாயுவைத் தடுக்காது.

இப்பணிக்கென ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரை அழைக்கும் பழக்கம் சட்டத்துக்கும் மனிதத் தன்மைக்கும் மாறானது. பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதல் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்லர். கழிவுநீர்க் குழிகளில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகையும் வீட்டுத் தலைவனை மீட்டுத் தராது.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் எந்தெந்த வீட்டில் எவ்வகைத் தொட்டி உள்ளது, கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது என்னும் பட்டியலைத் தயாரிக்கலாம். கொடை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒலிபெருக்கியில் அறிவித்து, பல வீடுகளுக்கும் சேர்த்து ஊர்தியை ஒரே நாளில் வரவழைத்தால் செலவும் குறையும். ஊர்தி எடுத்த கசடை ஓடையிலோ ஏரியிலோ வயலிலோ கொட்டாமல், அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுசெல்கிறதா என்பதைக் கவனித்தலும் ஊராட்சியின் பொறுப்பு. வெளியே கொட்டப்படும் கசடு மழையோடு நம் கிணற்றுக்கே திரும்பி வரும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துப் பேசுவார்களாக. விவசாயப் பெருமக்கள் தத்தம் வீட்டுத் தொட்டி கடைசியாகக் காலி செய்யப்பட்ட ஆண்டை இன்றே வீட்டாரிடம் கேட்டறிந்து குறித்துவைப்பார்களாக.