விறகின் விலையும் வெப்பத்தின் விலையும்

அன்புள்ள நிலா,

சூரியத் தகடும் ஹீட் பம்ப்பும் வந்துவிட்ட பிறகும் ஐரோப்பாவில் விறகு எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்களே, அது உண்மையிலேயே மலிவா என்று கேட்டிருந்தாய். நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி காடாக இருக்கும் ஆஸ்திரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கிராமத்து வீடுகளில் விறகுக் கணப்பு இன்றும் சாதாரணம். ஆனால் விறகின் விலை வேறு, வெப்பத்தின் விலை வேறு. இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் விறகு மலிவு என்றோ வீண் என்றோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். அதை எரித்தால் தீயின் சக்தியில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஆகவே ஈர விறகு கிலோவுக்குச் சுமார் 2 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பமே தரும். ஓரிரு ஆண்டு காயவைத்து ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அதுவே சுமார் 4 யூனிட் ஆகும். திறந்த கணப்பில் அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மூடிய நல்ல அடுப்பில் முக்கால் பங்கு வீட்டுக்குள் தங்கும். அப்படியானால் ஒரு கிலோ காய்ந்த விறகுக்கு 3 யூனிட் வெப்பம். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதுவும் ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் தரும். இதிலிருந்து ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது: ஒரு கிலோ காய்ந்த விறகு ஒரு யூனிட் மின்சாரத்தைவிட மலிவாக இருந்தால், எரிபொருள் செலவில் விறகுக்கே வெற்றி. ஆண்டுக்கு 15,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டுக்கு 5 டன் விறகு வேண்டும், அல்லது 5,000 யூனிட் மின்சாரம் வேண்டும். வரியும் கட்டணங்களும் சேர்ந்து மின்விலை ஏறிய நாட்டில், காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு விறகே கட்டுப்படியாகும். மின்சாரம் மலிவான ஊரில் கணக்கு தலைகீழாகும்.

சூரிய மின்சாரம் இதைவிட மலிவாயிற்றே என்பாய். உண்மைதான், ஆனால் ஜூலையில் பொழியும் வெயில் டிசம்பரில் இல்லை. வீடு அதிகம் குளிரும் மாதங்களில்தான் அங்கே தகடுகள் மிகக் குறைவாக உற்பத்தி செய்கின்றன. கோடையின் மின்சாரத்தைக் குளிர்காலம் வரை வீட்டு பேட்டரியில் சேமிப்பது எவருக்கும் கட்டாது. விறகு தன்னளவிலேயே ஒரு சேமிப்பு. கொட்டகையில் அடுக்கிவைத்தால் போதும். அதன் விலையில் இந்த வசதியும் அடங்கியிருக்கிறது.

இதற்கு மறுப்புகளும் உண்டு. முதலாவது, விறகும் சந்தைக்குக் கட்டுப்பட்டதே. 2022இல் உக்ரைன் போர் தொடங்கி எரிவாயு பற்றிய அச்சம் பரவியபோது, மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டின் விலை ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு மடங்கைத் தாண்டியது. சொந்தத் தோப்பு உள்ளவருக்கு அந்த அடி விழவில்லை. ஆனால் வெட்டுவதும் பிளப்பதும் சுமப்பதும் அவருடைய உழைப்பு, அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டாவது, புகை. விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலையும் இதயத்தையும் பாதிக்கின்றன. அந்தச் செலவு எரிப்பவரின் ரசீதில் வராமல் அக்கம்பக்கத்தார் தலையில் விழுகிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல் ஈர விறகைச் சிறிய அளவில் விற்பதற்குத் தடை வந்தது இதனால்தான். மூன்றாவது, கரியமில வாயு. மரம் மீண்டும் வளரும் என்பது சரி, ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மர ஆலையில் மிஞ்சும் தூளை எரிப்பதும், எரிப்பதற்கென்றே முழு மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல.

இந்த மறுப்புகள் விறகைத் தள்ளிவிடவில்லை. அதன் எல்லையைக் காட்டுகின்றன. காடு பக்கத்தில் இருந்து, விறகு காய்ந்திருந்து, அடுப்பு நல்லதாக இருந்து, வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தால் விறகு மலிவு. நெருக்கமான நகரத்தில் ஹீட் பம்ப்பே பொருத்தம். எங்கே இருந்தாலும் முதல் செலவு சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு செய்வதாக இருக்கட்டும். அந்த 15,000 யூனிட் பாதியாகக் குறைந்தால் எந்த எரிபொருளின் செலவும் பாதியாகும். இனி யாராவது ஓர் எரிபொருளை மலிவு என்று சொன்னால், ஒரு யூனிட் வெப்பத்துக்கு எவ்வளவு, அதில் யாருடைய செலவு விடுபட்டிருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுவிட்டு முடிவுசெய்.

அன்புடன்,
மாமா