எந்தக் குறைக்கு எந்த வாசல்?



உளுந்து வேண்டுமென்றால் மளிகைக் கடைக்குப் போகிறோம். கைலி வேண்டுமென்றால் துணிக்கடைக்குப் போகிறோம். இதில் நாம் ஒருநாளும் தவறுவதில்லை. ஆனால் கடை லைசென்ஸ், வேலையாள் பெர்மிட், பின் சந்துக் கால்வாய், கபர்ஸ்தான் நிலம் எதுவானாலும் சரி, "வை.பி.யைப் பார்த்தால் ஆகிவிடும்" என்று ஒரே வாசலில் போய் நிற்கிறோம். வை.பி. என்று நாம் மரியாதையாக அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரால் ஆவது எது, ஆகாதது எது என்று அறியாமல் போவதால் நமக்கு வரும் நஷ்டம் சிறிதல்ல. இந்த மாதப் பாடத்தில் அதைக் கவனிப்போம்.

முதலில் நம் குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். நம் கடைத்தெருவில் உணவுக்கடை நடத்தி வந்த சகோதரர் ஒருவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அந்தக் கடையை நம்பியே இருந்தார்கள். நாம் நாலு பேர் கூடி, சேவை மையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து, "வை.பி.யிடம் சொல்லியாகிவிட்டது தங்கச்சி, கவலைப்படாதீர்கள்" என்று அந்தப் பெண்மணிக்குத் தைரியம் சொன்னோம். இரண்டு மாதம் போயிற்று. லைசென்ஸ் தவணை முடிந்தது, நோட்டீஸ் வந்தது, கடை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

பிறகு விசாரித்தபோதுதான், இறப்புச் சான்றிதழுடன் மனைவியின் பேரில் புதிதாக விண்ணப்பம் செய்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. இதில் வெட்கம் என்னவென்றால், சேவை மையத்திலிருந்த குமாஸ்தா முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார். நாம்தான், பெரிய இடத்தில் சொல்லிவிட்டோமே என்ற எண்ணத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த மூன்று வார நஷ்டத்துக்கு யாரைக் குறை சொல்வது?

இனி, எந்த வேலை யாருடையது என்று பார்ப்போம். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இதைப் பட்டியலாகவே பிரித்து வைத்திருக்கிறது. குடியுரிமை, குடிநுழைவு, போலீஸ், வருமான வரி, கல்வி, மருத்துவமனை முதலியவை மத்திய அரசைச் சேர்ந்தவை. வேலையாள் பெர்மிட்டும் அடையாள அட்டையும் இதில் அடங்கும். இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் மன்றம் நாடாளுமன்றம். அதிலுள்ள 222 உறுப்பினர்களில் 26 பேர் ஜோகூர்த் தொகுதிகளிலிருந்து போகிறவர்கள்.

நிலம், ஊராட்சி, சந்தை, கபர்ஸ்தான், இஸ்லாமிய சமய விவகாரம் ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. பள்ளிவாசலுக்கோ மையவாடிக்கோ நிலம் கேட்பதென்றால் அது மாநிலத்துக் காரியம். அதைச் சட்டமன்றத்தில் எழுப்ப உரிமையுள்ளவர் நம் சட்டமன்ற உறுப்பினர். 2022 தேர்தலில் ஜோகூரில் இத்தகைய தொகுதிகள் 56 இருந்தன.

மூன்றாவது, நகராண்மைக் கழகமும் மாநகர் மன்றமும். கடை லைசென்ஸ், கடை வரிசையின் கால்வாய், அஞ்சடியில் சாமான் வைப்பது, விளம்பரப் பலகை ஆகியவை இவர்கள் கையில் இருக்கின்றன. நமக்கு அன்றாடம் வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றாவது வாசல்தான்.

அப்படியானால் கால்வாய் அடைத்தாலும் வை.பி.யைத் தேடும் வழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்நாட்டில் நகர மன்ற அங்கத்தினர்களை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1951-ல் ஜோர்ஜ் டவுனில் அத்தகைய தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவோடு மோதல் இருந்த சமயத்தில், 1965-ல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் நம் தமிழர்களில் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் கமிஷன் ஒன்று அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அதன் சிபாரிசு. அது ஏற்கப்படவில்லை. 1976-ம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைப்படுத்திவிட்டது. அச்சட்டப்படி ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது.

ஆகவே, நம் ஓட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவர்களில் நமக்கு அருகில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினரே. நகராண்மைக் கழக வேலைக்கும் அவர் வாசலில் கூட்டம் கூடுவது இதனால்தான். ஆனால் லைசென்ஸில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் கடிதம் எழுதலாம், அதிகாரியைக் கேட்கலாம், தாமதமானால் நினைவூட்டலாம், சட்டமன்றத்தில் பேசலாம். அவருடைய கடிதம் நம் விண்ணப்பத்துக்குத் துணை நிற்கும். விண்ணப்பமே இல்லாதபோது அந்தக் கடிதம் எதற்குத் துணை நிற்கும்?

பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரிலும் இதுபோன்ற சேவை உண்டு. 1955-ல் முதலமைச்சராக வந்த டேவிட் மார்ஷல் ஜனங்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அது இன்றுவரை நடந்து வருகிறது. அங்கேயும் உறுப்பினர் செய்யும் முக்கிய வேலை, உரிய இலாகாவுக்குக் கடிதம் எழுதுவதுதான்.

இனி, போகும் முறையைச் சொல்வோம்.

ஒன்று: முதலில் உரிய காரியாலயத்துக்குப் போய் மனுவைக் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு சேவை மையத்துக்குப் போங்கள். எண் இல்லாத புகார், பில் இல்லாத சரக்கைப் போன்றது.

இரண்டு: வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மலாயில் ஒரு பக்கம் எழுதி, தேதி, கடை முகவரி, படம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: பொதுக் குறையைக் கூட்டாகச் சொல்லுங்கள். கால்வாய் அடைத்தால் பத்துக் கடைக்கும் நஷ்டம். பத்துப் பேரும் தனித்தனியே முணுமுணுப்பதைவிட, பத்துக் கையெழுத்துள்ள ஒரு மனு மேலானது.

நான்கு: கடைக் கணக்கை எழுதுவதுபோல இதற்கும் ஒரு நாள்வழி வையுங்கள். என்று போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று குறித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஐந்து: தகாததைக் கேட்காதீர்கள். வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவரின் முறையைப் பிடுங்கித் தரச் சொல்வது நியாயமல்ல. கையில் அன்பளிப்போடு போவதும் நியாயமல்ல. பதவி அவருக்கு அமானத். ஓட்டு நமக்கு அமானத். இரண்டையும் கெடுக்காமல் இருப்போமாக.

இன்னொரு குறையும் நம்மிடம் உண்டு. வெள்ள நிவாரணப் பதிவு, பிள்ளைகளின் பள்ளி உதவி, மருத்துவ முகாம் பற்றிய அறிவிப்புகளைச் சேவை மையங்கள் வெளியிடுகின்றன. அவை பெரும்பாலும் மலாயில், முகநூலிலும் கைத்தொலைபேசிக் குழுக்களிலும் வருகின்றன. காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறவருக்கு அதைப் படிக்க நேரமேது? 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய காலத்தில் ஓர் அறிவிப்பு நாலு நாள் பிந்தித் தெரிந்தால், உதவியும் பிந்திப் போகும். ஆகவே சங்கத்து வாலிபர் ஒருவர் வாரம் ஒருமுறை அறிவிப்புகளைத் திரட்டித் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டினால் அது பெரிய உபகாரமாகும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2022 மார்ச் 12-ல் நடந்த ஜோகூர்ச் சட்டமன்றத் தேர்தலில் 18 வயதினருக்கும் ஓட்டு இருந்தது. பெயர்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்திருந்தன. அப்படியிருந்தும் நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேரே ஓட்டளித்தார்கள். அன்று கடையை அடைக்க மனமில்லாதிருந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர்? ஓட்டுப் போடாதவருக்கும் சேவை மையம் திறந்தே இருக்கும். ஆனால் நாம் ஒரு கூட்டமாக ஓட்டளிக்கிறவர்கள் என்று தெரிந்தால், நம் மனு மேசையின் அடியில் கிடக்காது.

முன்சொன்ன உணவுக்கடை மீண்டும் நடக்கிறது. அந்தச் சகோதரியே கல்லாவில் அமர்கிறார். லைசென்ஸ் முடியும் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நம் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று இன்றிரவு கடை அடைக்குமுன் நாமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.