மீன் தொட்டிக்கு எந்த விளக்கு?

* மீன் மட்டும் வளர்த்தால் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். குண்டு பல்பு வேண்டாம், தண்ணீரைச் சூடாக்கிவிடும்.

* செடிகளும் உண்டா? அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று அச்சிட்ட வெள்ளை விளக்காகப் பார்த்து வாங்குங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவை மிதமான வெளிச்சத்திலேயே வளரும். லிட்டருக்கு சுமார் 20 லூமன் இருந்தால் போதும்.

* நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதுமானது. மறதிக்காரர்கள் டைமர் பொருத்திவிடலாம். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். மீன்களுக்கும் ஓய்வு தேவை.

* கண்ணாடியில் பச்சையாக வழவழவென்று பாசி படிகிறதா? விளக்கு எரியும் நேரத்தில் ஓரிரு மணி நேரத்தைக் குறையுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

* இருட்டில் சட்டென்று தொட்டி விளக்கைப் போட்டால் மீன்கள் மிரண்டு துள்ளும். முதலில் அறை விளக்கைப் போட்டு, சில நிமிடம் கழித்து இதைப் போடுங்கள்.

* ஒயர், பிளக் பாயிண்டைவிடத் தாழ்வாக வளைந்து தொங்கிப் பிறகு மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

* மூடிக் கண்ணாடியில் படியும் உப்புக்கறையை வாரம் ஒருமுறை துடைத்தால் வெளிச்சம் மங்காது.