இரண்டாவது அடி

அன்புள்ள தம்பிக்கு,

தலையில் அடிபட்டு இறந்தவர்களைப் பற்றி நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, ராத்திரி படுத்தவரு எந்திரிக்கவே இல்ல." இதை விதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விதி அல்ல. தலைக்காயம் என்பது ஒரே அடி அல்ல, இரண்டு. சாலையில் மண்டை மோதும் கணத்தில் மூளையின் நரம்பிழைகள் அறுந்து போவது முதல் அடி. அதைத் திருப்பிச் சரிசெய்யும் மருந்து இன்றுவரை இல்லை. அடுத்து வரும் மணி நேரங்களில் மண்டைக்குள் ரத்தம் கட்டும், மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் ரத்தமும் பிராணவாயுவும் குறையும். இது இரண்டாவது அடி. நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு விரிசல் விட்டு அடியிலுள்ள தமனி கிழிந்தால், மயங்கியவர் எழுந்து தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணி நேரம் கழித்துச் சரிவார். உரிய நேரத்தில் ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டை அகற்றினால் இப்படிச் சரிபவர்களில் பலர் எழுந்து நடப்பார்கள்.

முதல் அடியை மருத்துவமனையால் தடுக்க முடியாது என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் மூளை அறுவை மருத்துவரே. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் சாவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941இல் தலைக்கவசம் உயிர் காக்கும் என்று எழுதினார். பிறகு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் சாவை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பது தெரிந்தது. "ஹெல்மெட் போட்டவனும்தான் செத்தான்" என்பார்கள். உண்மைதான், 42 என்பது நூறு அல்ல. "உடையாப்பட்டி வரைக்கும்தானே, மெதுவாத்தானே போறேன்" என்பது அதைவிடப் பலமான வாதம் போலத் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தலை கெட்டியான ஒன்றில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, தலை குப்புற விழுவதற்குச் சமம். சேலத்து வெயிலில் ஹெல்மெட் புழுங்கும் என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காகத் தொப்பி போன்ற மலிவுச் சரக்கை வாங்காதே. ஓட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கு, நாடாவை மாட்டு. ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளத்தாலும் இனி உதவாது.

இரண்டாவது அடியைத் தடுப்பதில்தான் சுற்றி நிற்பவர்களின் கை இருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதே. மூச்சுக்குழலில் இறங்கினால் பிராணவாயு இன்னும் குறையும். கழுத்தை மடக்கி ஆட்டோவில் திணிக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்து. நினைவோடு இருப்பவருக்குத் தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூக்கம் கண்ணைச் சுழற்றினாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாஸ்மாக் பக்கம் விழுந்து கிடப்பவரைப் "போதை, தெளிஞ்சா எந்திரிப்பான்" என்று விட்டுப் போவது நம் ஊரின் பெரிய கொடுமை. குடித்தவனுக்கும் மண்டைக்குள் ரத்தம் கட்டும். போதை அந்த அறிகுறிகளை மறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஊசி இருக்கிறது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வீக்கம் குறைய ஸ்டீராய்டு நல்லது என்று பல ஆண்டுகள் கொடுத்து வந்தார்கள். பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வு, அது சாவைக் கூட்டுகிறது என்று 2004இல் காட்டியது.

"போலீஸ், கோர்ட்டுன்னு யாரு அலையறது?" என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போடக் கூடாது என்கிறது. செலவு பயமும் குறைந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை தொலைவில் இல்லை. தாமதம் பெரும்பாலும் நம் தயக்கத்தில்தான் இருக்கிறது.

சாலையைச் சரியாகப் போடாமல் ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பேசுவது அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது அல்லவா என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வெளிச்சமில்லாத சந்திப்புக்கும் தாறுமாறான வேகத்தடைக்கும் ஹெல்மெட் பதில் ஆகாது. ஆனால் அந்தச் சாலை சீராகும் வரை அதில் போகப்போவது உன் தலைதான். உன் பின்னால் இன்னொரு தலையும் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்